வலி மாதா வழி மாதா ஆன வரலாறு

எங்கள் கோயிலுக்கு நூறு வயதாகிவிட்டது என்று விழா மலர் போட்டிருக்கிறார்கள். வழவழப்பான தாள், கலர் படம், ஆயரின் ஆசியுரை, எல்லாம் உண்டு. நடுவில் 'ஆலய வரலாறு' என்று நாலு பக்கம். எழுதியவர் எங்கள் சாமியார். படித்தவர், நல்ல மனுஷர், ஓர் எழுத்துப்பிழை கிடையாது. நான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். என் அண்ணி அதில் இல்லை.

அவள் எதற்கு இருக்கப் போகிறாள்? கோயில் கட்ட ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்தவள் இல்லை. பாடகர் குழுவில் நின்றவள் இல்லை. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்து எழுந்து போனவள். ஆனாலும் அவளை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நான் தையல்காரி. எழுதிப் பழக்கமில்லை, வாய்ப்பழக்கம் நிறையவே உண்டு.

முதலில் இங்கே இருந்தது ஒரு கூரைக் கொட்டகை. கடல் தாண்டி வந்த சாமியார் ஒருவர், மிஷன் பங்களாவிலிருந்து குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். தாடி நெஞ்சு வரைக்கும் இருந்ததால் அவருக்குத் தாடிச் சாமி என்று பெயர். இந்தக் கோயிலைக் கட்டியவர் அவர்தான். சுண்ணாம்பு குழைத்ததும் அவர், கல் சுமந்ததும் அவர். காய்ச்சலில் கிடந்தவர்களின் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனதும் அவர்தானாம். எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு செய்த பாவங்களை நாங்கள் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தையும் எங்கள் மொழியிலேயே கேட்டார். ஒரே ஓர் எழுத்துதான் அவருக்குக் கடைசி வரைக்கும் வசப்படவில்லை. 'ழ'.

அந்த எழுத்தால் அவர் பட்ட பாட்டை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. மழை பொய்த்த ஒரு வருஷம் அவர் பூசையில் கைகளை விரித்து, "ஆண்டவரே, எங்களுக்கு மலையைத் தாரும்!" என்று கண்ணீர் மல்க வேண்டினாராம். "இருக்கிற மலையையே ஏற முடியல சாமி, இன்னொண்ணு எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததாம். தாடிச் சாமிக்குக் கோபம் வரவில்லை. அவரும் சேர்ந்து சிரித்தாராம்.

கோயில் கட்டி முடிந்ததும் வாசலுக்கு மேலே பெயர் வெட்ட வேண்டும். கல்தச்சர் உளியோடு வந்து நின்றார்.

"அம்மாவுக்கு என்ன பேர் வெட்டணும் சாமி?"

"வலி மாதா."

"வலியா?"

"ஆம், ஆம். வலி. எல்லாருக்கும் வலி காட்டும் அம்மா."

கல்தச்சருக்குச் சந்தேகமே வரவில்லை. பெற்ற பிள்ளையைச் சிலுவையில் பார்த்தவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பெரிய கோயிலில் வியாகுல மாதா என்று வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் புரியட்டும் என்று சாமி இப்படி வைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு, ஆழமாக, அழகாக வெட்டினார். தாடிச் சாமிக்குப் பேச்சு வந்த அளவுக்குத் தமிழ் எழுத்து வராது. கல்லைத் தடவிப் பார்த்து, "அலகு, அலகு" என்று தலையாட்டினாராம். அவ்வளவுதான். வலி மாதா கோயில் ஆகிவிட்டது.

பெயரைக் கேட்டு வலிக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். பல்வலி, மூட்டுவலி, தலைவலி. வாசலுக்கு உள்ளே வலது பக்கம், முழங்கால் உயரப் பீடத்தில் மாதா சுரூபம் நின்றது. இடது கையில் குழந்தை, வலது கை முன்னால் நீண்டிருக்கும். எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தை அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். முதுகுவலிக்காரர்கள் குனிந்து நிற்பார்கள், முழங்கால் வலிக்காரர்கள் பக்கத்துப் பெஞ்சில் ஏறிக் காலை நீட்டுவார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். எத்தனை வர்ணம் பூசினாலும் உள்ளங்கையில் மட்டும் பெயின்ட் நிற்காது. அத்தனை பேர் பட்டுத் தேய்ந்த கை அது.

கோயிலைவிட அந்தப் பெயர்தான் வீடுகளுக்குள் அதிகம் நுழைந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்விட்டு "வலிக்குதே" என்று சொல்பவர்கள் இல்லை. அப்படிச் சொன்னால் வேலைக்குக் கள்ளம் என்று பெயர் வரும். ஆனால் "வலி மாதாவே!" என்று கூப்பிடலாம். அது ஜெபம். ஜெபத்துக்கு யார் தடை சொல்வது? பிரசவ வலியிலும் அதுதான், கை சுட்டுக்கொண்டாலும் அதுதான். ஒரு வீட்டிலிருந்து அந்தக் குரல் எழுந்தால் பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவாள். மாதா வந்தாளோ இல்லையோ, மனுஷி வந்துவிடுவாள்.

இனி என் அண்ணன். அவர்தான் இங்கே உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கு உயிரே உச்சரிப்புதான். சிலுவை அடையாளத்தை இடம் மாற்றிப் போடுகிற பிள்ளையை மன்னிப்பார். 'மரியே வாழ்க' என்பதை 'வால்க' என்கிற பிள்ளையை மன்னிக்க மாட்டார். "மாதாவுக்கு எதுக்குடா வாலு?" என்று காதைப் பிடிப்பார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் 'ழ' சுத்தமாகச் சொல்கிற பிள்ளைகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் என்றால் அது அவருடைய கைங்கரியம்.

அண்ணி எனக்கு அண்ணி ஆவதற்கு முன்னாலேயே சிநேகிதி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். நாலு பேர் முன்னால் 'அண்ணி' என்பேன், தனியாக இருந்தால் 'வாடி, போடி'. அவள் எப்போதும் என்னைத் 'தையக்காரி' என்றே கூப்பிடுவாள். புருஷனை இழந்து நான் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, தெருவைப் பார்த்த அறையை ஒழித்து, என் மிஷினை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தவள் அவள். அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவே முன்கூடம். அங்கே அண்ணனின் மேசை. யார் எங்கே முணுமுணுத்தாலும் மூன்று பேருக்கும் கேட்கும்.

அண்ணிக்கு இடுப்பில் வலி. இப்போது வெளியூரில் இருக்கிற சின்ன மகனைப் பெற்ற காலத்திலிருந்தே உண்டு. அவளும் சொல்ல மாட்டாள். ஆனால் குனிந்து நிமிரும்போது, "வலி மாதாவே" என்று வரும். மெதுவாக வந்தால் சும்மா ஒரு சுளுக்கு. கொஞ்சம் இழுத்து வந்தால் அண்ணன் பேனாவைக் கீழே வைப்பார். உரக்க வந்தால் எழுந்து போய் வெந்நீர் வைத்து, ரப்பர் பையில் ஊற்றி, அவள் முதுகுக்குக் கொடுப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுவார். இத்தனை வருஷத்தில் நான் அவர்களிடம் பார்த்த கொஞ்சல் இது ஒன்றுதான். மத்தியானம் கோயில் காலியாக இருக்கும்போது அவள் போய், மாதாவின் கைக்கு அடியில் இடுப்பைக் கொடுத்துவிட்டு, கடைசி பெஞ்சில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள்.

நூற்றாண்டு விழாவுக்குக் கொஞ்ச காலம் முன்னால் ஒரு புதுச் சாமியார் வந்தார். மலரில் வரலாறு எழுதியவர் இவர்தான்; புதுச்சாமி என்றே நாங்கள் சொல்வோம். வந்ததும் சுரூபத்தைக் கழுவிப் புதுப்பிக்க ஆள் வரவழைத்தார். வர்ணத்தைச் சுரண்டச் சுரண்ட நீலம் வந்தது, பச்சை வந்தது, கடைசியில் காலடியில் வெட்டிய லத்தீன் எழுத்து வந்தது. புதுச்சாமி முட்டிபோட்டுப் படித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"உபதேசியாரே, இது வலி மாதா இல்ல. வழி மாதா! பயணம் போறவங்களுக்கு வழி காட்டுற அம்மா. அந்தக் கை, வழி காட்டுற கை!"

அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உபதேசியார்கள் கூட்டத்துக்குப் போனால், "என்ன, உங்க ஊர்ல எல்லாருக்கும் வலிதானா?" என்று மற்றவர்கள் கிண்டலடிப்பார்கள். அது வாழ்நாள் முழுக்க அவருக்கு உறுத்தல். இப்போது அந்தப் பெயரே பிழை என்று ஆகிவிட்டது. அதுவும் எந்த எழுத்தில்? அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வந்த எழுத்தில். வீட்டுக்கு வந்து, "நூறு வருஷமா ஒரு ஊரே தப்பா கூப்பிட்டிருக்கு!" என்றார். சாப்பிடக்கூட இல்லை.

அண்ணி தட்டை நகர்த்தி வைத்தாள். "தப்பா கூப்பிட்டாலும் வந்தாங்களே" என்றாள்.

"வந்தது வேற. பேர் வேற."

"ம்" என்றாள். அவளுடைய 'ம்' எனக்குத் தெரியும். அது சம்மதம் இல்லை.

பழைய கல்லை இறக்கிக் கோயிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். புதிய கல் ஏறியது. 'ழி' மட்டும் மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிது. அது அண்ணன் பார்த்த வேலை. வழி காட்டுகிறவள் சாலையைப் பார்த்து நிற்க வேண்டாமா என்று புதுச்சாமி புதுப் பீடம் கட்டி, சுரூபத்தை உயரத்தில் ஏற்றி வாசலைப் பார்க்கத் திருப்பினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கைதான் எட்டவில்லை. மூட்டுவலிக் கிழவிகள் சிலர் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, காலைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்கள். புதுச்சாமி கெட்டவர் இல்லை. வலி என்று அந்தக் கையின் கீழ் அவர் இதுவரை போய் நின்றதில்லை, அவ்வளவுதான்.

அண்ணி கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். ஞாயிறு மட்டும் போவாள், மத்தியானப் போக்கு நின்றுவிட்டது. ஒருநாள் நான் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏண்டி இப்பல்லாம் போறதில்ல?"

"வழி கேக்கறவங்க போகட்டும்டி தையக்காரி. எனக்கு எங்க போகணும்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அண்ணனோ ஊரைத் திருத்தப் புறப்பட்டுவிட்டார். வயசுக்கு வந்த ஆள், வயசு போன ஆள் என்று பார்ப்பதில்லை. தெருவில் யாராவது பழைய பெயரைச் சொன்னால் நிறுத்தி, "நாக்க மேல மடிங்க. ழி. இன்னும் கொஞ்சம். ஆங்!" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் நகர்வார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பெரியவர்களைத் திருத்துகிற உரிமை அவர்களுக்கும் கிடைத்துவிட்டது. சந்து முனையில் யாராவது 'வலி' என்று வாயெடுத்தால் போதும், "ழி! ழி!" என்று கூட்டமாகக் கத்துவார்கள்.

ஒருநாள் மத்தியானம் நான் பீடத்துணிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முன்கூடத்தில் நூற்றாண்டுப் பூசைக்கான மன்றாட்டுமாலையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் அண்ணி தண்ணீர்ப் பானையைத் தூக்கியிருக்க வேண்டும். பானை தரையில் இடித்த சத்தம் கேட்டது.

"வலி மாதாவே!"

நான் மிஷினை நிறுத்தினேன். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முன்பெல்லாம் இந்தக் குரலுக்கு அண்ணன் எழுந்து போவார். அன்றைக்கு அவர் காதில் குரல் விழவில்லை, எழுத்துதான் விழுந்தது. தலையைக்கூடத் தூக்காமல், "ழி. வழி. நாக்க நல்லா மடிச்சுச் சொல்லு" என்றார்.

 உள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"நான் வலின்னுதான் சொன்னேன்."

"அதான் தப்புங்கறேன். ஊரே மாத்திக்கிச்சு. உபதேசியார் பொண்டாட்டி மாத்திக்கலன்னா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

அப்புறம், "வழி மாதாவே" என்று கேட்டது. நாக்கை மடித்து, சுத்தமாக, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி.

"பாத்தியா, வருதுல்ல!" என்றார் அண்ணன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அவள் மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல, கால் மரத்துப்போச்சு. நீ போய்த் தை" என்றாள். அவள் சொன்னால் நான் நம்புவேன். நம்பினேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் மாதாவைக் கூப்பிடவே இல்லை. சரியாகவும் கூப்பிடவில்லை, தப்பாகவும் கூப்பிடவில்லை. அண்ணன் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். "இப்பல்லாம் உனக்கு முதுகு தேவல போல" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். ரப்பர் பை ஆணியில் தொங்கியபடியே காய்ந்து, மடிப்பில் வெடித்துவிட்டது. அதைப் பார்த்தாவது எங்களில் ஒருவருக்குப் புத்தி வந்திருக்கலாம்.

ஒரு காலையில் அவளால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. வண்டி பிடித்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். புற்று முதுகெலும்பு முழுக்கப் பரவிவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு பேனாவை மூடிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு நாள் கூட்டிட்டு வரல? இது லேசுல தாங்கற வலி இல்லையே. கத்தியிருப்பாங்களே. வலிக்குதுன்னு வீட்ல ஒரு தடவகூடச் சொல்லலையா?"

அண்ணன் வாயைத் திறந்தார். ஊரையே பேச வைத்த மனுஷர். ஓர் எழுத்து வரவில்லை.

அவள் அதிக நாள் இருக்கவில்லை. கடைசி நாட்களில் அண்ணன் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. குனிந்து அவள் காதருகே, "கூப்பிடும்மா. எப்படி வேணும்னாலும் கூப்பிடு. நான் ஒண்ணும் சொல்லல" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். ஊசி மருந்தில் அவள் கண் சொருகிக் கிடந்தது. கேட்டதோ கேட்கவில்லையோ, எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் அண்ணனைக் காணோம் என்று தேடினேன். கோயிலுக்குப் பின்னால் பழைய கல்லின் முன் உட்கார்ந்து, எழுத்துப் பள்ளத்தில் படிந்த பாசியைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே புதுச்சாமியிடம் போய், கல்லைத் திரும்ப வாசலில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். புதுச்சாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்.

"உங்க மனசு புரியுது. ஆனா பிழைன்னு தெரிஞ்ச பிறகு எப்படி உபதேசியாரே திருப்பி வைக்கிறது? நீங்கதானே எனக்கே சொன்னீங்க?"

அண்ணன் கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டார்.  அது அண்ணனே சொன்ன நியாயம்தான்.

நூற்றாண்டு விழா வந்தது. நான் ஓரம் அடித்த துணி பீடத்தில் கிடந்தது. ஆயர் வந்தார், சுற்றுவட்டாரத்துச் சாமியார்கள் வந்தார்கள், வெளியூர் உபதேசியார்கள் எல்லாரும் வந்தார்கள். பிள்ளைகள் முன்வரிசையில், வெள்ளை உடுப்பில். மன்றாட்டுமாலை சொல்ல அண்ணன் ஒலிபெருக்கி முன் போய் நின்றார். வேறு யாரையாவது சொல்லச் சொல்கிறேன் என்று புதுச்சாமி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. குரல் கணீரென்று இருந்தது. ஒவ்வொரு பெயராக அவர் சொல்ல, கோயில் முழுக்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொன்னது. 'வாழ்வின் ஊற்றே' என்றபோது அந்த 'ழ்' அவ்வளவு திருத்தமாக இருந்தது. ஆயரே நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியாக எங்கள் மாதாவின் பெயர்.

"வலி மாதாவே" என்றார் அண்ணன்.

யாரும் பதில் சொல்லவில்லை. முன்வரிசைப் பிள்ளைகளுக்குப் பழக்கதோஷம். அவர் சொல்லிக்கொடுத்ததுதானே? எல்லாரும் ஒரே குரலில், "ழி!" என்று கத்தினார்கள். வெளியூர் உபதேசியார்கள் பக்கம் ஒரு சிரிப்பு ஓடியது. வயதாகிவிட்டது, நாக்கு தடுமாறுகிறது என்று நினைத்திருப்பார்கள். புதுச்சாமி பதறிப்போய் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார்.

அண்ணன் பிள்ளைகளைப் பார்த்தார். கோபமே இல்லை. அவர் கண் அவர்களைத் தாண்டி, கடைசி பெஞ்சின் சுவரோரத்துக்குப் போனது. அங்கே யாரோ ஒரு வெளியூர்க்காரர் தன் குடையை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் வலின்னுதான் சொன்னேன்" என்றார்.

கோயிலில் இருந்தவர்களுக்கு அது ஒரு கிழவரின் பிடிவாதம். அந்த வார்த்தைகளை அதற்கு முன்னால் கேட்டிருந்தவர்கள் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.